எம்.ஜி. இல்லாத ரிலீஸ்

இந்தப் பக்கம் வந்து மூன்று மாதம் ஆகிறது. காரணம் பாதி சோம்பல், பாதி வேலை. கனடா வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு அக்டோபர் 31-ல் முடியும். நம்ம ஊர் மார்ச் 31 கூத்து இங்கே டொராண்டோவில் குளிரோடு சேர்ந்து வரும். அது முடிந்து மூச்சு விட்ட வாரத்தில்தான் திருப்பதியிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான், ஒரு பஞ்சாயத்துக்கு.

அவனும் கூடப் படித்த இரண்டு பையன்களும் இரண்டு வருடமாக ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருக்கிறார்கள். லீலா மஹால் சர்க்கிள் பக்கத்தில் ஒரு மாடி அறை, மூன்று கம்ப்யூட்டர், ஒரு இன்வெர்ட்டர். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ராத்திரி கடைசி பஸ்ஸை ஓட்டிப் போகிற டிரைவர்தான் ஹீரோ. பூதலப்பட்டில் ஏறுகிறவர்களின் கதையைக் கேட்டுக்கொண்டே சந்திரகிரி தாண்டி ஊர் போய்ச் சேர வேண்டும். வெட்டு, குத்து, துப்பாக்கி ஒன்றும் கிடையாது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறார்கள், எங்க ஊர் பஸ்ஸில் பேசுகிற மாதிரியே. எனக்குப் பிடித்திருந்தது. (மாமா ஆச்சே, பிடிக்காமல் போகுமா என்று கேட்காதீர்கள். கடன் மனு பார்க்கிற கண்ணோடுதான் பார்த்தேன்.)

கேம் முடிகிற கட்டத்தில் எந்தக் கடையில் விற்பது என்று சண்டை வந்துவிட்டது. இவன் ஸ்டீம் என்கிறான். இன்னொருவன் எபிக் என்கிறான். எபிக்கில் ஆறு மாதம் அங்கே மட்டும் விற்பதாக ஒப்புக்கொண்டால் அந்த ஆறு மாத வசூல் நூற்றுக்கு நூறும் செய்தவனுக்கே. மூன்றாமவன் வாயே திறக்கவில்லை. அவன் கையில் பெங்களூர் வேலைக்கான ஆர்டர் இருக்கிறது. இவர்கள் சண்டை நீண்டால் கிளம்பிவிடுவான். படம் வரைகிறவன் அவன்தான், போனால் பஸ் நடுரோட்டில் நிற்கும்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. நான் திருப்பதியில் பி.காம். படித்த காலத்தில் கம்ப்யூட்டர் கேம் என்றால் யாராவது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து கொண்டுவந்த சி.டி.தான். மேலே மார்க்கர் பேனாவில் பெயர் எழுதியிருக்கும். செய்தவனுக்கு ஒரு பைசா போகாது. 2003 செப்டம்பரில் அமெரிக்க வால்வ் கம்பெனி ஸ்டீம் என்று ஒன்றை ஆரம்பித்தது. முதலில் தன்னுடைய கேம்களுக்கு அப்டேட் அனுப்பத்தான். 2004-ல் வந்த ஹாஃப் லைஃப் 2 வட்டில் வாங்கினாலும் ஸ்டீம் இல்லாமல் ஓடாது என்று வைத்தார்கள். ஆட்கள் திட்டிக்கொண்டே உள்ளே வந்தார்கள். பிறகு அடுத்தவர்களின் கேம்களையும் விற்க ஆரம்பித்து, உலகத்துக்கே பெரிய கடை ஆகிவிட்டது. 2015 கடைசியில் ரூபாயிலேயே விலை போட்டதும் சித்தூர் பையன்களும் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தார்கள். 2025 மார்ச்சில் ஒரே நேரத்தில் ஸ்டீமுக்குள் இருந்தவர்கள் 4 கோடியைத் தாண்டினார்கள்.

இத்தனைக்கும் கமிஷன் 30 சதவீதம். நூறு ரூபாய்க்கு விற்றால் முப்பது கடைக்கு. 2018 நவம்பர் கடைசியில் ஒரு சலுகை அறிவித்தார்கள்: ஒரு கேம் 1 கோடி டாலருக்கு மேல் விற்றால் அதற்கு மேலுள்ள தொகைக்கு 25, 5 கோடிக்கு மேல் போனால் 20. பெரிய மிராசுதாருக்கு வட்டி குறைவு, கால் காணிக்காரனுக்கு முழு வட்டி. பேங்க்காரனான எனக்கு இந்தத் தர்மம் ரொம்பப் பழக்கம் :-)

அடுத்த வாரமே, 2018 டிசம்பர் 6-ந் தேதி, எபிக் கடை திறந்தது. ஃபோர்ட்நைட் விளையாட்டில் குவிந்த பணம் கையில் இருந்தது. எங்களுக்கு 12 சதவீதம் போதும், 88 உங்களுக்கு என்றார்கள். கடை புதிது, கூட்டம் பழைய கடையில். கூட்டத்தை இழுக்க ஒரே வழி, அங்கே கிடைக்காத சரக்கு இங்கே இருக்க வேண்டும். எக்ஸ்க்ளூசிவ் என்கிற வார்த்தை அப்போதுதான் கம்ப்யூட்டர் கேம் உலகத்தில் கெட்ட வார்த்தை ஆனது.

மெட்ரோ எக்ஸோடஸ் என்று ஒரு கேம். 2019 பிப்ரவரி 15-ல் ரிலீஸ். ஸ்டீமில் முன்பதிவு நடந்துகொண்டிருந்தது. ரிலீசுக்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது, இனி ஒரு வருடத்துக்கு எபிக்கில் மட்டும் என்று அறிவிப்பு வந்தது. ஏற்கெனவே ஸ்டீமில் பணம் கட்டியவர்களுக்கு அங்கேயே கொடுத்துவிட்டார்கள், அந்த மட்டும் நேர்மை. ஃபீனிக்ஸ் பாயிண்ட் கதை வேறு. ரசிகர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டிச் செய்த கேம் அது. ஸ்டீமில் தருகிறோம் என்று சொல்லிவிட்டு, 2019 மார்ச்சில் முதல் வருடம் எபிக் என்றார்கள். வேண்டாதவர்கள் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். ஜனங்கள் கொதித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. டெபாசிட் வாங்கிய பிறகு நிபந்தனையை மாற்றினால் எந்த ஊர் கிளை என்றாலும் கண்ணாடி உடையும்.

ஆனால் செய்தவன் பக்கமும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு எங்கள் சித்தப்பா போதும். அவர் ஒரு சினிமா விநியோகஸ்தரிடம் ரெப் ஆக இருந்தவர். படப்பெட்டியோடு போய் தியேட்டரில் இறங்கி, டிக்கெட் கவுண்டர் பக்கம் உட்கார்ந்து, விற்ற டிக்கெட்டை எண்ணி, டி.சி.ஆர். எழுதி அனுப்புகிற வேலை. தினசரி வசூல் கணக்குக்கு அதுதான் பெயர். சித்தூர், திருப்பதி எல்லாம் சினிமாக்காரர்களுக்கு சீடெட் ஏரியா. நிஜாம் 1800-ல் கும்பினிக்கு விட்டுக்கொடுத்த சீமை என்று அர்த்தம். சித்தூர் டவுன் அதில் சேராது, நாங்கள் ஆற்காடு பக்கத்து ஆட்கள். போகட்டும், படப்பெட்டிக்குச் சரித்திரம் தெரியாது.

சித்தப்பா மடியில் உட்கார்ந்து நான் கற்ற முதல் காமர்ஸ் பாடம் மூன்று வார்த்தை. கமிஷன், எம்.ஜி., அவுட்ரைட். கமிஷன் என்றால் படத்தை விநியோகஸ்தர் ஓட்டிக் கொடுத்து தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார், ஓடாவிட்டால் நஷ்டம் தயாரிப்பாளருக்கு. எம்.ஜி. என்றால் மினிமம் கேரன்ட்டி. இவ்வளவு வசூல் ஆகும் என்று ஒரு தொகையை முன்னாடியே கொடுத்துவிடுவார். அந்தத் தொகை வசூலாகித் திரும்பும் வரை தயாரிப்பாளருக்கு மேற்கொண்டு கிடையாது, அதற்கு மேல் வந்தால் பங்கு. வராவிட்டால் துண்டு விநியோகஸ்தர் தலையில். அவுட்ரைட் என்றால் மொத்தமாக விலை பேசி வாங்கிவிடுவது, லாபமோ நஷ்டமோ வாங்கியவன் பாடு.

இதை வைத்துப் பாருங்கள். ஸ்டீம் கமிஷன் கடை. எபிக்கின் எக்ஸ்க்ளூசிவ் சாட்சாத் எம்.ஜி. உவமைக்குச் சொல்லவில்லை, அவர்கள் ஒப்பந்தத்திலேயே மினிமம் கேரன்ட்டி என்றுதான் இருக்கிறது. எபிக், ஆப்பிள் மீது போட்ட வழக்கில் 2021-ல் கணக்குகள் வெளியே வந்தன. பார்டர்லேண்ட்ஸ் 3 கேமைச் சேர்த்துப் போட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 14.6 கோடி டாலர். 2020 ஒரு வருடத்துக்கு மட்டும் எபிக் ஒப்புக்கொண்ட எம்.ஜி. 44.4 கோடி டாலர். அதற்கு முன்பே கன்ட்ரோல் என்ற கேமுக்கு எபிக் வழியாக வந்தது 94.9 லட்சம் யூரோ என்று அதை வெளியிட்ட இத்தாலியக் கம்பெனியின் கணக்கில் தெரிந்துவிட்டது. ரிலீசுக்கு முன்பே செலவில் பெரும் பங்கு கைக்கு வந்துவிட்டால் எந்தத் தயாரிப்பாளர் வேண்டாம் என்பார்? அன்றைக்குத் திட்டிய ரசிகர்கள் இவர்களைத் துரோகி என்றார்கள். என்னைக் கேட்டால், சம்பளம் போட வேண்டிய முதலாளி செய்கிற காரியத்தைச் செய்தார்கள்.

இலவச கேம் விஷயம் அவுட்ரைட் கணக்கு. செய்தவருக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, எபிக் அதை ஒரு வாரம் இரண்டு வாரம் எல்லோருக்கும் சும்மா தரும். கடை திறந்த முதல் ஒன்பது மாதத்தில் இப்படிக் கொடுத்த கேம்களுக்கு ஆன செலவு சுமார் 1 கோடியே 16 லட்சம் டாலர், அதனால் வந்த புதுக் கணக்குகள் சுமார் 50 லட்சம். தலைக்கு இரண்டு டாலர் சொச்சம்தான். இவ்வளவு மலிவாக எந்த பேங்க்கும் ஒரு கணக்கு பிடிக்க முடியாது. ஆனால் 2014-ல் ஜன்தன் வந்தபோது நான் ஊரில் ஒரு கிளையில் இருந்தவன். மேஜை போட்டு ஜீரோ பேலன்ஸ் கணக்கு திறந்தோம். திறப்பது சுலபம். அப்புறம் அதில் பணம் நடமாட வேண்டுமே.

என் அக்கா மகனே அதற்குச் சாட்சி. 2020 மே 14-ந் தேதி, லாக்டவுன் நேரம், ஜி.டி.ஏ. 5-ஐ எபிக் சும்மா கொடுத்தது. உலகமே பாய்ந்ததில் அவர்கள் கடை பல மணி நேரம் படுத்துவிட்டது. இவன் ராத்திரி முழுக்க விழித்து, 90 ஜி.பி.க்கு மேல் நாலு நாள் டவுன்லோடு செய்து வாங்கினான். இன்றைக்கு அவன் எபிக் கணக்கில் இருநூறுக்கு மேல் கேம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியது? ஒன்றுகூட இல்லை. வாங்குவதென்றால் ஸ்டீமுக்குத்தான் போவான். ஏன்டா என்றால், "ஃபிரண்ட்ஸ் எல்லாம் அங்கதான் மாமா இருக்காங்க. ரிவ்யூ படிக்கலாம். பிடிக்கலைன்னா ரெண்டு மணி நேரத்துக்குள்ள திருப்பிடலாம்" என்கிறான்.

பெரியவர்களுக்கே இதுதான் நடந்தது. 2011-ல் சொந்தக் கடை வைத்துக்கொண்டு தன் புதுச் சரக்கோடு ஸ்டீமைவிட்டு விலகிய எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2019 கடைசியில் திரும்பி வந்தது. 2019-ல் விலகிய யூபிசாஃப்ட் 2022 டிசம்பரில் வந்தது. எபிக்கே பணம் போட்டு வெளியிட்ட ஆலன் வேக் 2 கம்ப்யூட்டரில் இன்றும் எபிக்கில் மட்டும்தான். 2023 அக்டோபரில் வந்த கேம், நல்ல பெயர், விருதுகள், ஆனால் போட்ட காசு திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. எக்ஸ்க்ளூசிவுக்குச் செலவழித்ததில் பல நல்ல முதலீடு இல்லை என்று எபிக் முதலாளி டிம் ஸ்வீனியே பிற்பாடு சொல்லிவிட்டார். இலவச கேம் திட்டத்தைத்தான் மெச்சினார்.

ஸ்டீமும் உத்தமர் இல்லை. வெளியே மலிவாக விற்கவிடாமல் விலையைக் கட்டிப்போடுகிறார்கள் என்று வுல்ஃபயர் என்கிற சின்ன கம்பெனி 2021-ல் வழக்குப் போட்டது. 2024 நவம்பரில் அதை எல்லா வெளியீட்டாளர்களுக்குமான கூட்டு வழக்காக நடத்த அனுமதி கிடைத்தது. வால்வ் குற்றச்சாட்டை மறுக்கிறது. ஆக, ஒரு கடை கூட்டத்தை வைத்துக்கொண்டு முப்பது கேட்கிறது, இன்னொரு கடை கூட்டம் இல்லாமல் பணத்தைக் கொட்டுகிறது. பணத்தைக் கொட்டுகிற வரைக்கும் சின்னவனுக்கு யோகம்.

இப்போது பையன்கள் விஷயத்துக்கு வருகிறேன். எபிக் ஃபர்ஸ்ட் ரன் என்று 2023-ல் ஒரு திட்டம் அறிவித்தது. ஆறு மாதம் எங்களிடம் மட்டும், கமிஷன் பூஜ்யம், பிறகு பழையபடி 88-க்கு 12. இதைத்தான் இரண்டாமவன் பிடித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இங்கே, திங்கள் காலை அங்கே, மூன்று பேரையும் ஒரே திரையில் உட்காரவைத்தேன். பின்னால் அக்கா காபி டம்ளரோடு நடமாடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கென்று அக்கா வீட்டுக்காரரும் சித்தூரிலிருந்து வந்திருந்தார்.

முதல் கேள்வி, முன்பணம் உண்டா? இல்லை. ஃபர்ஸ்ட் ரன்னில் எம்.ஜி. கிடையாது. அப்படியென்றால் இது எம்.ஜி. படமே இல்லை, கமிஷன் படம். ஓடாவிட்டால் துண்டு உங்கள் தலையில்.

அடுத்து நூற்றுக்கு நூறு. ஸ்டீமில் நூறு விற்றால் கிடைப்பது எபிக்கில் எழுபது விற்றாலே கிடைக்கும், வரியை இரண்டு பக்கமும் விட்டுவிடுங்கள். அதனால் கேள்வி 70-ஆ 100-ஆ என்பது இல்லை. ஸ்டீமில் ஆயிரம் பேர் வாங்குகிற கேமை எபிக்கில் எழுநூறு பேர் வாங்குவார்களா? பையன்கள் ஸ்டீமில் முன்கூட்டியே ஒரு பக்கம் போட்டு வைத்திருந்தார்கள். அதில் வாங்க ஆசைப்படுகிறோம் என்று குறித்து வைத்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். ரிலீஸ் அன்றைக்கு அவர்களுக்குக் கடையே ஈமெயில் அனுப்பும். அந்த மூவாயிரம் பேரும் இன்னொரு கடைக்கு நடந்து வருவார்களா? இரண்டாமவன், "பாதி பேராவது வருவாங்க சார்" என்றான். பத்தில் ஒருத்தன் வந்தால் அதிகம் என்றான் என் அக்கா மகன். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. நான் பார்க்கிற கடன் மனுக்களிலும் இப்படித்தான், விற்பனை மதிப்பீடு எழுதியவன் ஆசைக்கு ஏற்ற மாதிரி இருக்கும்.

சண்டையை அவித்தது வேறொரு காகிதம். 2025 ஜூனிலிருந்து எபிக்கில் எந்தக் கேமுக்கும் வருடத்தில் முதல் 10 லட்சம் டாலர் வசூல் வரை கமிஷனே இல்லை. எக்ஸ்க்ளூசிவ் என்று கட்டுப்படத் தேவையில்லை. இவர்கள் கேம் 10 லட்சம் டாலர் விற்றால் நானே வேலையை விட்டுவிட்டு பஸ் ஓட்டப் போய்விடுவேன். அப்படியானால் எபிக்கிலும் போடலாம், நூற்றுக்கு நூறு. அதே நாளில் ஸ்டீமிலும் போடலாம், நூற்றுக்கு எழுபது. ஆறு மாதம் கட்டுப்படுவதற்குக் கைமாறாக, சதவீதக் கணக்கில், எபிக் அவர்களுக்கு எதையுமே தரவில்லை. கடை முகப்பில் கொஞ்சம் இடம் கிடைக்கலாம். அதற்கு எழுத்தில் என்ன உத்தரவாதம் என்று கேட்டேன். இரண்டாமவன் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். எனக்கே பாவமாக இருந்தது, நாலு மாதமாக இதற்காக வாதாடியவன்.

அப்போதுதான் அக்கா வீட்டுக்காரர் பின்னாலிருந்து கேட்டார், "அட்வான்ஸ் குடுக்காமலேயே தோப்ப அவனுக்கே விடச் சொல்றானா?"

அவருக்கு பங்காருபாளையம் பக்கம் நாலு ஏக்கர் மாந்தோப்பு. நீங்கள் கிளிமூக்கு என்றும் தோதாபுரி என்றும் சொல்வதை நாங்கள் பெங்களூரா என்போம். பூ விட்டதும் வியாபாரி வந்து மரத்தைப் பார்த்து, ஒரு தொகை கொடுத்துத் தோப்பைக் குத்தகைக்குப் பேசுவான். அப்புறம் ஒரு காய்கூட வேறு ஆளுக்குப் போகக் கூடாது. ஆலங்கட்டி மழை பெய்தால் அவன் கஷ்டம், விலை ஏறினால் அவன் அதிர்ஷ்டம். அவருக்குத் தெரிந்த எக்ஸ்க்ளூசிவ் அதுதான், அதில் காசு முதலில் வரும். 2025-ல் அவர் யாருக்கும் குத்தகைக்கு விடவில்லை. விலை விழுந்தது. கூழ் ஃபாக்டரிகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், சர்க்கார் 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று ஏற்பாடு. ஜூனில் வெளிமாநிலப் பெங்களூரா சித்தூர் மாவட்டத்துக்குள் வரத் தடை போட்டார்கள், கர்நாடக முதலமைச்சர் கடிதம் எழுதுகிற அளவுக்குப் போனது. காய் லாரியில் வரிசையில் நின்று வதங்கியதைப் பார்த்தவர் அவர். அதனால் அந்தக் கேள்வியை அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

பையன்கள் உதாரணத்துக்கு இரண்டு கேம் சொன்னார்கள். புனேக்காரர்கள் செய்த ராஜி 2020 ஆகஸ்டில் முதலில் நின்டெண்டோ ஸ்விட்சில் மட்டும் வந்து, அக்டோபரில்தான் மற்ற இடங்களுக்கு வந்தது. இங்கே டொராண்டோவில் செய்த வெண்பா, தமிழ்க் குடும்பம் கனடா வந்து இட்லி அவிக்கிற கதை, 2023 ஜூலை 31-ல் கம்ப்யூட்டர், ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றிலும் ஒரே நாளில் இறங்கியது. எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் சந்தா வைத்திருந்தவர்களுக்கு முதல் நாளே அதிலும் கிடைத்தது. 2024-ல் பாஃப்டா முதல் படைப்பு விருதும் வாங்கியது. நான் விளையாடியிருக்கிறேன். அந்த அம்மா சமையல் குறிப்பில் அழிந்த எழுத்தைத் தேடுகிற இடத்தில் வீட்டுக்காரி எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டாள்.

முடிவு அன்றைக்கே ஆகிவிட்டது. ஸ்டீம், எபிக் இரண்டிலும் ஒரே நாள் ரிலீஸ், சித்திரையில். எபிக் கணக்கு வேலை முழுக்க இரண்டாமவன் பொறுப்பு, அதை அவனாகவே கேட்டு வாங்கிக்கொண்டான். படம் வரைகிறவன் பெங்களூர் கம்பெனிக்குச் சேரும் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி எழுதியிருக்கிறான், பதில் வரவில்லை. ஸ்டீமில் ஒரு கேம் போடக் கட்டணம் 100 டாலர், ஆயிரம் டாலர் விற்றால் திருப்பித் தருவார்கள். அந்த நூறு என்னுடையது, ஏற்கெனவே கட்டியாயிற்று. அமெரிக்காவில் பிடிக்கிற வரிக்கான டபிள்யூ-8 படிவத்தை நான் சரிபார்த்துக் கொடுப்பதாகப் பேச்சு.

விலை மட்டும் பாக்கி இருந்தது. 349 ரூபாய் வைக்கலாம் என்றார்கள். அக்கா வீட்டுக்காரர் ஒரு நிமிடம் யோசித்தார்.

"நாப்பத்து மூணு கிலோ பெங்களூராடா அது. யாரு வாங்குவா?"

அக்கா மகன் சிரித்துக்கொண்டே, "தீபாவளி சேல்ல பாதி விலைக்குத் தரேம்ப்பா" என்றான். அவர் சிரிக்கவில்லை. பாதி விலை என்ற வார்த்தை அந்த வீட்டில் இந்த வருடம் யாரும் சொல்வதில்லை.